பதினோரு சான்றிதழ் இருக்கிறது, அடிப்படைதான் ஆட்டம் காண்கிறது: என்ன பயிற்சி எடுக்கலாம்?

படிக்கட்டு:

வணக்கம். உளவியலில் முதுகலை, சூப்பர்விஷனோடு (மூத்த சிகிச்சையாளரின் மேற்பார்வையில்) பயிற்சிக் காலம் எல்லாம் முடித்து, மூன்று வருடமாக உளவியல் சிகிச்சைக்கு வரும் கிளையன்ட்களைத் தனியாகப் பார்க்கிறேன். கேட்க வந்தது வெட்கமான கேள்விதான். அதனால்தான் புனைபெயரில் எழுதுகிறேன்.

போன வாரம் நடந்தது இது (அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்). ஒருவருடைய ஆறாவது செஷன். ஐம்பது நிமிடமும் வேலை, மேலதிகாரி, தூக்கமின்மை என்றே போயிற்று. நேரம் முடிந்தது. எழுந்தார், பையை மாட்டினார், கதவுக் கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ராத்திரி படுத்தா காலையில எழுந்திருக்காமலே போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுதுங்க." வெளியே அடுத்தவர் காத்திருக்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சே, அப்படியெல்லாம் நினைக்காதீங்க. அடுத்த வாரம் விரிவாப் பேசுவோம்." அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து வந்தவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. மாலையில் போன் செய்து பேசினேன், மறுநாளே வரச் சொன்னேன், வந்தார். இப்போது பரவாயில்லை. ஆனால் அந்த "சே" மட்டும் என்னை விடவே இல்லை. யாராவது பயிற்சி மாணவர் அப்படிச் சொல்லியிருந்தால் நானே கண்டித்திருப்பேன்.

என்னிடம் பதினோரு சான்றிதழ்கள் இருக்கின்றன. இரண்டு நாள் பயிலரங்கம், ஐந்து வார ஆன்லைன் வகுப்பு என்று ஒவ்வொன்றும் ஒரு புதிய சிகிச்சை முறை. எதிலும் இதைச் சொல்லித் தரவில்லை. முதல் செஷனை எப்படித் தொடங்குவது, மௌனத்தை எப்படித் தாங்குவது, நேரத்துக்கு எப்படி முடிப்பது, தற்கொலை எண்ணத்தைப் பற்றி எப்படி நேராகக் கேட்பது, குறிப்பில் என்ன எழுதுவது. படிக்கும் காலத்தில் இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரு பருவத்தில் ஒரு பாடம். தேர்வில் நல்ல மதிப்பெண்கூட வாங்கினேன்.

ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருப்பவர்கள் இந்த அடிப்படைகளை மறுபடி கற்க ஏதாவது பயிற்சி உண்டா? நீங்கள் என்ன செய்தீர்கள்?


காகிதக்கப்பல்:

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான். நான் இரண்டு வருடம் முன்பு சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை முறை) ஆழப் பயிற்சி ஒன்று எடுத்தேன், நல்ல தன்னம்பிக்கை வந்தது. கையில் ஒரு முறை உறுதியாக இருந்தால் இப்படிப்பட்ட நேரத்தில் தடுமாற மாட்டோம் என்பது என் அனுபவம். ஸ்லைடுகள் இருக்கின்றன, வேண்டுமானால் அனுப்புகிறேன்.


பழைய கேசட்:

படிக்கட்டு, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாலையே போன் செய்து மறுநாள் வரவழைத்தீர்கள் பாருங்கள், அதைச் செய்யாமல் விடுபவர்கள் நிறையப் பேர். வாய் தவறியதை அந்தப் போன் சரி செய்திருக்கிறது.

அடுத்து, பன்னிரண்டாவது சான்றிதழ் வேண்டாம். காகிதக்கப்பல் கோபித்துக்கொள்ளக் கூடாது, நீங்கள் சொன்ன "தன்னம்பிக்கை வந்தது" என்ற வார்த்தையில்தான் சிக்கலே இருக்கிறது. மாறுவதற்கான காரணத்தைக் கிளையன்ட் வாயிலிருந்தே வரவைக்கும் ஊக்கமூட்டும் நேர்காணல் முறையை உருவாக்கிய வில்லியம் மில்லர், தன் முறைக்கான பயிலரங்கத்தையே சோதித்துப் பார்த்து 2001இல் ஒரு சிறிய ஆய்வு வெளியிட்டார். வந்தவர்கள் நிறையக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்கள். அவர்களுடைய செஷன் ஒலிப்பதிவைக் கேட்டால் மாற்றம் கொஞ்சம்தான், அவர்களுடைய கிளையன்ட்கள் பேசும் விதத்திலோ மாற்றமே தெரியவில்லை. ஆள் நேர்மையானவர், அதை அப்படியே எழுதினார். 2004இல் மறுபடி பெரிதாகச் செய்தார்கள். பயிலரங்கத்துக்குப் பிறகு சொந்தப் பதிவுக்குக் கருத்தோ, போனில் தனிப்பயிற்சியோ கிடைத்தவர்களிடம் திறமை நிலைத்தது. பயிலரங்கம் மட்டும் போனவர்களிடம் அது மாதங்கள் போகப் போகக் கரைந்தது.

அனுபவம் தானாகச் சரி செய்துவிடும் என்றும் நம்பாதீர்கள். 170 சிகிச்சையாளர்களைப் பல வருடம் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2016இல் வந்தது. வருடம் கூடக் கூட அவர்களுடைய கிளையன்ட்களின் பலன் சராசரியாக ஏறவில்லை, மயிரிழை அளவு இறங்கியிருந்தது. எனக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். அதைப் படித்த அன்று நான் யாரோடும் பேசவில்லை.

சரி, என்ன செய்வது? உங்கள் செஷனைப் பதிவு செய்யுங்கள். இன்னொருவரோடு உட்கார்ந்து கேளுங்கள். இதுதான் என் பதில், மீதியெல்லாம் விளக்கம்.

இது புதிதும் அல்ல. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸும் அவருடைய மாணவர்களும் 1940களின் தொடக்கத்திலேயே கிராமஃபோன் தட்டுகளில் செஷன்களைப் பதிவு செய்து கேட்டார்கள். 1942இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு கிளையன்ட்டின் எட்டு செஷன்களும் வார்த்தை விடாமல் அச்சாகியிருக்கின்றன. அவ்வளவு சிரமப்பட்டு அவர்கள் செய்ததை, சட்டைப் பையில் கருவியை வைத்துக்கொண்டு நாம் செய்வதில்லை.

என் கதையைச் சொல்கிறேன். நாலாவது வருடம் என்று நினைவு. என் சூப்பர்வைசர் முழுப் பதிவும் வேண்டாம், பத்து நிமிடம் மட்டும் கொண்டுவா என்றார். நான் கெட்டிக்காரி, நன்றாகப் போன பத்து நிமிடத்தைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோனேன். அவர் ஒரு தாளில் நடுவே கோடு போட்டார். இடது பக்கம் நான் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கோடு. வலது பக்கம், கிளையன்ட் சொன்னதன் சாரத்தை நான் திருப்பிச் சொல்லும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. பத்து நிமிடம் முடிந்ததும் இடது பக்கம் பத்தொன்பது, வலது பக்கம் இரண்டு. அந்த இரண்டில் ஒன்றுகூட, அவர் பெருந்தன்மையாகப் போட்டதுதான்.

பிறகு ஓர் இடத்துக்குத் திருப்பி ஓட்டினார். கிளையன்ட் சொல்கிறார்: "அப்பா போனதுக்கு அப்புறம் வீட்ல யாரும் அவரைப் பத்தி…" நிறுத்துகிறார். நான் உடனே, "எத்தனை வருஷம் ஆச்சு?" அவர், "ஆறு வருஷம்." அவ்வளவுதான், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. சூப்பர்வைசர் டேப்பை நிறுத்திக் கேட்டார்: "அவரைப் பத்தி, என்ன? என்ன சொல்ல வந்தார்?" எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. அந்த இடைவெளி அறையில் எனக்கு ஒரு நிமிடம் போல இருந்தது. டேப்பில் அளந்தால் இரண்டு விநாடி.

நானாக அதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. என் நினைவில் அது நல்ல செஷன்.

பொதுவான அளவுகோல் என்றால், மில்லர் முறையின் மதிப்பீட்டில் ஒரு கேள்விக்கு ஒரு திருப்பிச் சொல்லல் இருந்தால் ஓரளவு, இரண்டு இருந்தால் நல்லது என்பார்கள். எல்லாச் சிகிச்சைக்கும் அது வேதவாக்கு இல்லை. ஆனால் 19க்கு 2 என்பது விசாரணை.

பதிவைக் கேட்டுக் குறையைக் கண்டுபிடித்ததோடு விட்டால் மனச்சோர்வுதான் மிஞ்சும். கண்டுபிடித்த அந்த ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பழக வேண்டும். ஒரு சக உளவியலாளரைக் கூப்பிட்டு அந்த ஒரு வரியை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் பதில் சொல்லுங்கள். மறுபடி. வேறு விதமாக மறுபடி. முப்பது விநாடித் துண்டு, பத்துத் தடவை. முழு செஷனை நடித்துப் பார்க்கும் ரோல் பிளேயில் எனக்கு நம்பிக்கை குறைவு. அதில் இரண்டு பேரும் நன்றாக நடிக்கிறோம், அவ்வளவுதான். ஒரு நேரத்தில் ஒரு சின்னத் திறன் என்று பிரித்துப் பழக்குவதை உளவியலாளர் ஆலன் ஐவியின் குழு 1968லேயே எழுதிவிட்டது. படிக்கும்போது செய்தோம், பட்டம் வாங்கியதும் நிறுத்திவிட்டோம்.


கடைசி வரிசை:

கேசட் மேடம் சொல்வது சரிதான், ஆனால் பதிவு என்றதும் எல்லோரும் போனை எடுத்து மேசையில் வைத்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் ஆரம்பித்தார். போன் தானாகவே எல்லா ஒலிக்கோப்பையும் கிளவுடில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கு வீட்டு டேப்லெட்டிலும் திறந்திருந்தது. வீட்டில் உள்ளவர்கள் பாட்டு என்று நினைத்து ஒன்றைத் தட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம்.

ஆகவே: இணையத்தோடு சேராத தனிக் கருவி அல்லது தானாக ஏறுவதை அணைத்து, பூட்டிய கோப்பு. சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் ஒரு வரியாக நுழைக்காமல், பதிவுக்கென்று தனி ஒப்புதல். யார் கேட்பார்கள், எதற்கு, எந்தத் தேதியில் அழிக்கப்படும் என்பது அதில் இருக்க வேண்டும். "வேண்டாம் என்றாலும் உங்கள் சிகிச்சையில் எதுவும் மாறாது" என்று வாயாலும் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லத் தயங்கும் சுபாவமே சிலருடைய பிரச்சினையாக இருக்கும். அவர்களிடம் கேட்காமலிருப்பதே மேல். உங்கள் ஊர்ச் சட்டமும் உங்கள் தொழில் அமைப்பின் விதியும் என்ன சொல்கின்றன என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று. பதிவு செய்ததில் எனக்குக் கிடைத்த முதல் அதிர்ச்சி கேள்வி எண்ணிக்கை இல்லை. முதல் செஷனில் ரகசியக் காப்பைப் பற்றியும் அதன் வரம்பைப் பற்றியும் நான் பேசிய நேரம்: பதினோரு விநாடி. விமானத்தில் சீட் பெல்ட் அறிவிப்பு சொல்வது போல ஒரே மூச்சில் சொல்லியிருந்தேன். "உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வேறு ஒருவரிடம் சொல்ல வேண்டி வரலாம்" என்ற இடத்தில் என் குரல் தணிந்து கேட்கவே இல்லை. இப்போது அந்த இடத்தில் நிறுத்தி, "இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்கிறேன். ஒருவர், "அப்ப சில விஷயம் சொல்ல மாட்டேன்" என்றார். அதுதான் எங்களுடைய முதல் உண்மையான பேச்சு.


படிக்கட்டு:

இரண்டு பேருக்கும் நன்றி. 19க்கு 2ஐப் படித்ததும் என் காதே சூடாகிவிட்டது. கேசட் மேடம், ஒரு கேள்வி. நேராகவே கேட்கிறேன்: அந்தக் கதவு நிமிடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? கொள்கை வேண்டாம், வார்த்தை வேண்டும்.


பழைய கேசட்:

"சொன்னது நல்லதாச்சு. கொஞ்சம் உட்காருங்க, இதை இப்படியே விட்டுட்டுப் போக வேண்டாம்." பிறகு வெளியே போய் அடுத்தவரிடம், "மன்னிக்கணும், இன்னைக்கு இருபது நிமிஷம் தாமதமாகும், காத்திருக்க முடியுமா, இல்லை வேறு நாள் வரீங்களா?" இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல வராமல்தான் நம்மில் பாதிப் பேர் "சே" என்கிறோம். வெளியே காத்திருப்பவருக்குப் பயந்து உள்ளே இருப்பவரை அனுப்பிவிடுகிறோம்.

உள்ளே வந்து: "எழுந்திருக்காம போயிட்டா நல்லதுன்னு தோணுதுன்னு சொன்னீங்க. தற்கொலை செஞ்சுக்கணும்னு எண்ணம் வருதா?" அந்தச் சொல்லையே சொல்லுங்கள். "ஏதாவது தப்பா எதுவும் பண்ணிக்க மாட்டீங்களே?" என்பது கேள்வி இல்லை. "மாட்டேன்" என்று சொல்லுங்கள் என்று கெஞ்சுவது. கேட்டால் விதைத்ததாகிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை, பலருக்கு அது நிம்மதியாகவே இருக்கிறது.

ஆம் என்றால் அங்கேயே நின்று கேட்க வேண்டியவை இருக்கின்றன. எவ்வளவு அடிக்கடி, எப்படி என்று யோசித்ததுண்டா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, எப்போது என்று மனதில் இருக்கிறதா, முன்பு முயன்றதுண்டா, இதுவரை எது பிடித்து நிறுத்தியிருக்கிறது. அதன் பிறகு ஸ்டான்லி, பிரவுன் என்ற இரு உளவியலாளர்கள் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டம். எச்சரிக்கை அறிகுறிகள், தனியாகச் செய்து சமாளிப்பவை, மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடிய நெருங்கியவர்கள், தொழில்முறை உதவியும் அவசர எண்ணும், சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பாக்குவது என்று ஆறு பகுதி. அவருடைய வார்த்தையில், அவரோடு சேர்ந்து எழுதி, தாளை அவர் கையில் கொடுத்து அனுப்புவது. உடனடி ஆபத்து தெரிந்தால் தனியாக அனுப்பவே கூடாது, அவசர சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். "தற்கொலை செய்துகொள்ள மாட்டேன்" என்று கையெழுத்து வாங்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது காப்பாற்றுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. அது நம் பயத்துக்கான மருந்து.

ஆனால் இதையெல்லாம் நான் எழுதி நீங்கள் படித்தால் போதாது. அந்த வார்த்தை வாயில் வர வேண்டும். என் பயிற்சி மாணவர்களை ஜோடியாக உட்கார வைத்து, ஆளுக்குப் பதினைந்து தடவை அந்த ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்வேன். முதல் ஐந்து தடவை குரல் மேலே ஏறும், சிலர் சிரிப்பார்கள், ஒருவர் "தற்" என்று நிறுத்தி இருமினார். பத்துக்கு மேல்தான் சாதாரணக் குரல் வரும். அது வந்த பிறகுதான் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்கவே முடிகிறது.

கதவுப் பேச்சுக்கு ஒரு சின்ன ஏற்பாடும் உண்டு. நாற்பதாவது நிமிடத்தில், "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டிருக்கிற விஷயம் ஏதாவது உண்டா?" பாதி நேரம் கதவு வரை போகாது. பிஎச்க்யூ-9 என்ற மனச்சோர்வை அளக்கும் படிவம் கொடுப்பவராக இருந்தால், சாவு, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றிய எண்ணத்தைக் கேட்கும் ஒன்பதாவது கேள்வியின் பதிலை செஷன் தொடங்கும் முன்பே பாருங்கள். கேட்டு வாங்கி ஃபைலில் போட்டுவிட்டுப் பார்க்காமல் விடுவது கேட்காததைவிட மோசம்.


மைக்கறை:

தாமதமாக வருகிறேன். குறிப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் அது மட்டும். மற்றவர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்துப் பார்ப்பது என் வேலையின் ஒரு பகுதி. நிறைய இடங்களில் இருப்பது இவ்வளவுதான்: "கிளையன்ட் சோர்வாக இருந்தார். ஆதரவு அளிக்கப்பட்டது. அடுத்த வாரம் தொடரும்." இதை யாருடைய ஃபைலில் வைத்தாலும் பொருந்தும்.

படிக்கட்டு, உங்கள் அன்றைய குறிப்பு இப்படி இருக்கலாம். செஷன் முடிவில் அவர் சொன்னது, மேற்கோள் குறியில் அவருடைய வார்த்தையிலேயே. அப்போது மதிப்பிடவில்லை என்பது. இத்தனை மணிக்குப் போனில் என்ன கேட்டீர்கள், என்ன பதில். எதனால் மறுநாள் வரை காத்திருக்கலாம் என்று முடிவு செய்தீர்கள். யாரைக் கலந்தீர்கள். "சே" என்றதை மறைக்கவும் வேண்டாம், அதற்காகப் பாவமன்னிப்பும் வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். முக்கியமாக, எழுதிய தேதி. பிறகு எழுதியதை அன்றே எழுதியது போலக் காட்டுவது திறமைக் குறைவில் சேராது, அது பொய்யில் சேரும்.

பயிற்சி என்றால்: உங்கள் பழைய குறிப்பு ஒன்றை அடையாளம் நீக்கி ஒரு சக ஊழியரிடம் கொடுத்து, "இதை மட்டும் வைத்து நாளை இவரை நீங்கள் பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். அவர் கேட்கும் முதல் மூன்று கேள்விதான் உங்கள் குறிப்பில் இல்லாதவை.


காகிதக்கப்பல்:

ஸ்லைடு அனுப்புவதாகச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். நேற்று என் செஷன் ஒன்றைக் கேட்டேன் (ஒப்புதலோடுதான், கடைசி வரிசை சார்). 23க்கு 4.


படிக்கட்டு:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பழைய பேட்ச் தோழி ஒருத்தியைப் பிடித்தேன். வாரம் ஒரு தடவை, நாற்பது நிமிடம். அவள் பத்து நிமிடம், நான் பத்து நிமிடம், மீதி நேரம் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப. கூடவே மாதம் இரண்டு தடவைக்கு ஒரு சூப்பர்வைசரும் கிடைத்திருக்கிறார். அவரும் முதலில் பதிவுதான் கேட்டார்.

என் எண் 14க்கு 3. ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. கிளையன்ட் அழத் தொடங்கும்போதெல்லாம் நான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறேன். பதிவில் இரண்டு இடம். இரண்டு தடவையும் வேண்டாம் என்றார், இரண்டு தடவையும் அழுகை நின்றுவிட்டது. தோழி டேப்பை நிறுத்தி, "தண்ணி யாருக்குத் தேவைப்பட்டுது?" என்றாள். அன்று முப்பது விநாடித் துண்டு அதுதான். அவள் அழுவது போல உட்கார்ந்திருக்க, நான் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒன்பது தடவை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

தற்கொலைக் கேள்வியும் பழகினேன், பதினைந்து இல்லை, முப்பது தடவை. போன செவ்வாய் வேறு ஒருவரிடம் நிஜமாகவே கேட்க நேர்ந்தது. குரல் ஏறவில்லை. அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "இதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை" என்றார். இருபத்தைந்து நிமிடம் கூடுதலாக ஆயிற்று. வெளியே காத்திருந்தவர் வேறு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார், கோபிக்கவில்லை.

கடைசி வரிசை சாருக்கு: முதல் பதிவை சொன்ன தேதியில் அழித்துவிட்டேன். கணினியின் குப்பைத்தொட்டியிலிருந்தும்.